விமானத் தோலும் வரலாற்று மெய்ம்மையும்: கணினிப் பறப்பு விளையாட்டுக்கள் பற்றிய சில சிந்தனைகள்

கணினி விளையாட்டொன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழில் எழுத முற்படுவோர் முதலில் தமது செயலுக்கு நியாயங் கூறவேண்டியவராகின்றனர். நாம் அதிக நியாயங் கூறப்போவதில்லை. நாவலும் ஒரு காலத்தில் வெறும் பொழுதுபோக்கென்றே ஒதுக்கப்பட்டது, சினிமாவும் அவ்வாறே. இன்றைய இளந்தலைமுறையினர் கடந்த காலம் பற்றிய படிமங்களை எங்கிருந்து பெறுகின்றனர் என்ற வினாவை எழுப்பும் எவரும் இவ்விளையாட்டுக்களைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. இரண்டாம் உலகப்போரை நூல்களில் வாசித்தறிந்த மாணவரையும், திரையில் ஒரு போர்விமானத்தைச் செலுத்தி அறிந்த மாணவரையும் ஒரே வகுப்பறையில் நாம் சந்திக்கின்றோம். பின்னையவரே விவரங்களில் நுணுக்கமுடையவராக இருப்பதையும் பலமுறை கண்டுள்ளோம். அந்நுணுக்கத்தின் இயல்பு யாது, அதன் எல்லை எது என்பதே ஈண்டு எமது அக்கறை.

பறப்புப் பாவனை விளையாட்டு எனப்படுவது விமானியின் ஆசனத்திலிருந்து காணும் உலகைக் கணினித் திரையில் அமைத்துக் காட்டுவது. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் பறப்புப் பாவனை விளையாட்டு 1982ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. எனினும் இக்கட்டுரையின் நோக்கிற்கு முக்கியமானது 2001ஆம் ஆண்டில் மொஸ்கோவில் உருவாக்கப்பட்டு வெளியான 'இல்-2 ஷ்டூர்மொவிக்' என்பதாகும். சோவியத்-ஜேர்மன் போர்முனையை மையமாகக் கொண்ட இவ்விளையாட்டு, விமானங்களின் மேற்பரப்பைப் பயனாளரே வரைந்து சேர்த்துக்கொள்ள இடமளித்தது. அவ்வாறு வரையப்படும் மேற்பரப்பையே அத்துறையினர் 'ஸ்கின்', அதாவது தோல் என்கின்றனர். நாம் மேற்றோல் என்போம்.

விமானத்தின் முப்பரிமாண உருவைக் கத்தரித்து விரித்துத் தட்டையாக்கினால் எப்படியிருக்கும்? ஆட்டுத்தோலைப் பிரித்து நிலத்தில் விரித்தாற்போல, சிறகு ஒரு புறம், உடற்பகுதியின் இடப்பக்கம் ஒரு புறம், வால் இன்னொரு மூலையில் எனக் கிடக்கும். இந்தத் தட்டைப் படத்தின்மீது நிறந்தீட்டிக் கணினியிடம் கொடுத்தால், அது மீண்டும் அதனை உருவின்மீது போர்த்திவிடும். வரைவோர் ஒரே தளத்தில் வேலை செய்வதில்லை. அடிப்பூச்சு, உருமறைப்பு நிறங்கள், தேசியச் சின்னம், இலக்கங்கள், தகடுகள் பொருந்தும் கோடுகள், எண்ணெய்க் கசிவு, புகைக்கரி என ஒவ்வொன்றையும் தனித்தனிப் படலங்களாக ஒன்றன்மேலொன்று அடுக்குவர். உண்மை விமானமும் இதே ஒழுங்கில்தான் படிப்படியாக மூடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. தொழிற்சாலைப் பூச்சாளன், முகாமில் இலக்கமெழுதியவன், எண்ணெயைத் துடைத்தவன் என ஒவ்வொரு படலத்திற்குப் பின்னும் ஒரு கை இருந்தது.

தொடக்ககால இல்-2 விளையாட்டில் இப்படம் 1024க்கு 1024 படப்புள்ளிகளைக் கொண்டது. நிறங்கள் 256 மாத்திரமே. இவ்வெல்லை பல பொய்களுக்குக் காரணமாயிற்று. யப்பானிய சீரோ விமானத்தின் நீளம் ஏறத்தாழ 9 மீற்றர். அதன் உடற்பகுதி படத்தின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு புள்ளி ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் பரப்பைக் குறிக்கும். தறையாணித் தலையோ அதனினுஞ் சிறியது. எனவே தறையாணிகளை வரைந்த ஒவ்வொருவரும் அவற்றைப் பெரிதாக்கியே வரைந்தனர். சீரோவின் தறையாணிகள் காற்றின் தடையைக் குறைப்பதற்காகத் தகட்டோடு சமமாக அமிழ்த்தப்பட்டவை. சில அடி தூரத்தில் கண்ணுக்கே புலப்படாதவை. ஆனால் தறையாணிகள் துலக்கமாகத் தெரியும் படமே நுணுக்கமான படம் எனப் பாராட்டுப் பெற்றது. பின்வந்த விளையாட்டுக்களில் படத்தின் பக்கம் 4096 புள்ளிகளாக விரிந்தபின்னரும் இப்பழக்கம் முற்றாக மறையவில்லை. விவரம் மிகுவதும் மெய்ம்மை மிகுவதும் ஒன்றல்ல.

எமது மாணவர் ஒருவர் இக்கலையில் வல்லவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது நடைபெற்ற விமானத் தாக்குதலைத் திரையில் மீளமைக்க விரும்பி, சீரோ விமானமொன்றுக்கு மேற்றோல் வரைந்து எம்மிடம் காட்டினார். சாம்பற் சாயலுடைய பளபளப்பான உடல்; செவ்வட்டச் சின்னம்; உடற்பகுதியின் பின்புறத்தே இரண்டு செங்கோடுகள். அழகிய வேலை. வியந்து பாராட்டினோம். சில வாரங்களின் பின்னரே எமக்கு ஓர் ஐயம் தோன்றியது. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத் தாக்குதலின்போது யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் கோடுகளால் வேறுபடுத்தப்பட்டிருந்தன. அக்காகி கப்பலுக்கு ஒரு செங்கோடு, காகாவுக்கு இரண்டு. சோரியுவுக்கு ஒரு நீலக்கோடு, ஹிரியுவுக்கு இரண்டு. ஷோக்காக்குவுக்கு ஒரு வெண்கோடு, சூயிக்காக்குவுக்கு இரண்டு. ஆக, மாணவர் வரைந்தது காகாவின் விமானம். காகாவோ 1942 பெப்ரவரியில் பலாவு தீவருகே பாறையில் மோதிச் சேதமுற்று, திருத்தத்திற்காக யப்பானுக்குத் திரும்பிவிட்டது. இந்து சமுத்திரத்திற்கு வந்த நகுமோவின் அணியில் எஞ்சிய ஐந்து கப்பல்களே இருந்தன. கொழும்பின் வானில் இரண்டு செங்கோட்டு விமானம் பறந்திருக்க வழியேயில்லை.

"சேர், இது சும்மா ரெண்டு கோடுதானே" என்றார் அவர். ஆனால் அன்றிரவே அழித்துத் திருத்தினார்.

இரண்டு கோடுகளின் பொருட்டு இவ்வளவு பேசுவதேன் என வினவுவோர் எமது பதிப்பு வரலாற்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களை எடைபோட்டு, எழுதினோர் பிழையையும் மூலத்தையும் பிரித்தறியப் பட்ட பாடு நாமறிந்ததே. மேற்றோல் வரைவோர் செய்வதும் இயல்பில் அதுவே. அவர்தம் ஏடு நிழற்படம். ஏட்டைப் போலவே நிழற்படமும் பொய் சொல்லும். அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் ஒருவகை செந்நிற ஒளியை உணரமாட்டாது. அதில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும் மஞ்சள் கருமை படிந்தும் தோன்றும். பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் சில படங்களில் கருவளையமாகத் தெரிவது இதனாலேயே. படச்சுருளின் தன்மை அறியாது நிறத்தை ஊகிப்பவர், எழுத்தின் காலமறியாது ஏட்டை வாசிப்பவரை ஒத்தவர்.

எஞ்சிய பொருட்களும் முற்றிலும் நம்பத்தக்கனவல்ல. வீழ்ந்த சீரோக்களின் தகட்டுத் துண்டுகள் சில பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஆண்டுகள் பலவாக வெயிலும் மழையும் பட்ட பூச்சு நிறமாறும், மெருகு மஞ்சளிக்கும். தொடக்ககாலச் சீரோவின் நிறம் சாம்பலா, பச்சை கலந்த சாம்பலா, பழுப்புச் சாயலுடையதா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக ஓயாதிருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் 1945இல் சரணடைந்த வேளையில் யப்பானிய இராணுவத்தினர் தம் ஆவணங்களைப் பெருமளவில் எரித்தமை. போதாக்குறைக்கு ஆர்வலர் பலர் நிறங்களை ஐக்கிய அமெரிக்காவின் எஃப். எஸ். 595 என்ற நியம அட்டையின் எண்களாற் குறிக்கின்றனர். அவ்வட்டை 1956இல் வெளிவந்தது. போர்க்காலத்து யப்பானியப் பூச்சாளனுக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்க முடியாது.

சின்னங்களோ காலத்தை மிகத் துல்லியமாகக் காட்டுவன. ஐக்கிய அமெரிக்கா தன் வெண்ணட்சத்திரத்தின் நடுவிலிருந்த செவ்வட்டத்தை 1942 மே மாதத்தில் நீக்கியது. யப்பானிய ஞாயிற்றோடு அது மயங்கி, சொந்தப் பீரங்கிகளே சொந்த விமானத்தைச் சுட நேர்ந்தமை அதன் காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பிரித்தானிய விமானங்களும் பின்னர் படிப்படியாகச் சிவப்பைக் கைவிட்டன. எனவே கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து ஏப்ரில் 5இல் எழுந்த ஹரிக்கேனுக்குச் செம்மையம் இருத்தல் வேண்டும். பிந்திய காலத்தில் இலங்கையிலிருந்த விமானத்துக்கு இருத்தலாகாது.

இதுவரை கூறியவை விவரத்தின் உண்மை பற்றியன. பூச்சு உரிந்திருப்பதைக் காட்டும் விடயத்துக்கு வரும்போது வேறொரு தளத்திற் கால்வைக்கின்றோம். உரிந்து சிதைந்த சீரோவை வரைவது மேற்றோற்காரருக்கு விருப்பமான வேலை. போரின் கடுமையை அது உணர்த்துமென நம்புகின்றனர். 1942இன் தொடக்கத்தில் கப்பற்றளங்களிலிருந்து பறந்த சீரோக்களோ நன்கு பூசப்பட்டு, பளபளப்பாகப் பேணப்பட்டவை. யப்பானிய விமானங்களில் பூச்சு பெருமளவில் உரியக் காண்பது போரின் பிற்பகுதியிலேயே. முறையான அடிப்பூச்சு இன்றி, அவசரமாக, கிடைத்ததைக்கொண்டு பூசியதன் விளைவு அது. மூலப்பொருள் வழிகள் அறுபட்டு, தேர்ந்த தொழிலாளர் போர்முனைக்கு இழுக்கப்பட்டு, உற்பத்தி முறையே குலைந்துகொண்டிருந்த ஒரு பொருளாதாரம் தன் நோயைத் தோலில் வெளிக்காட்டியது. 1942இன் விமானத்தில் 1945இன் உரிவை வரைபவர் பிழைவிடுவது நிறத்தில் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் சிதைவை அது நிகழுமுன்னரே நிகழ்ந்ததாக்கிவிடுகின்றார்.

ஓர் இடைக்குறிப்பு. அந்தப் பளபளப்பான சீரோவை உற்பத்தி செய்த மிற்சுபிஷியின் நகோயாத் தொழிற்சாலைக்கு விமானத்தளம் இருக்கவில்லை. முடிவுற்ற விமானங்கள் பகுதிகளாக மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 48 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ககமிகஹராத் தளத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. விரைந்து பறக்கவேண்டிய போர்விமானமொன்று மாட்டின் நடையில் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது! ஏகாதிபத்திய யப்பானின் சமனற்ற வளர்ச்சியை இதனினும் நன்றாக விளக்கும் படிமமொன்றை எந்த நாவலாசிரியனும் புனைந்திருக்கமாட்டான். மேற்றோலில் இதற்கு இடமில்லை.

சோவியத் விமானங்களின் தோலில் இடமுண்டு, தேடத் தெரிந்தால். 1941இல் தொழிற்சாலைகள் கிழக்கே பெயர்க்கப்பட்டன. இல்-2 தாக்குதல் விமானத்தை உற்பத்திசெய்த வரோனெஷ் ஆலை குயிபிஷெவ் நகருக்குச் சென்றது. போர் முடியுமுன் அவ்வகையில் 36,000க்கு மேற்பட்ட விமானங்கள் எழுந்தன. பூச்சு ஒன்றாயிருப்பினும், மரத்திலும் துணியிலும் அது படிந்த விதமும் உலோகத்தில் படிந்த விதமும் வேறு. பல விமானங்களின் பின்னுடல் மரத்தாலானது, அலுமினியம் அருமையாக இருந்தமையின். குளிர்காலத்தில் கழுவி நீக்கத்தக்க வெண்பூச்சொன்று விமானத்தின்மேற் பூசப்பட்டது. முகாமிற் கைத்தூரிகையாற் பூசப்படின் தூரிகைச் சுவடுகள் தெரியும். சில வாரங்களில், இயந்திரவினைஞர் ஏறி நிற்கும் சிறகடியிலும் எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றியும் வெண்மை தேய்ந்து பச்சை தோன்றும். இந்தத் தேய்வு உறைபனியில் வெறுங்கையோடு வேலைசெய்த ஒருவரின் நடமாட்டப் படம் எனலாம். நல்ல மேற்றோற்காரர் இதனை அறிந்து வரைகின்றார். மற்றையோர் சேமித்து வைத்த ஒரே அழுக்குப் படலத்தை எல்லா விமானங்களிலும் ஒட்டுகின்றனர். அவர்களுக்கு உழைப்பின் சுவடு வெறும் அலங்காரம்.

மார்கரெட் ஹார்க்னெஸ்ஸுக்கு 1888 ஏப்ரிலில் எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், யதார்த்தவாதத்துக்கு விவரத்தின் உண்மை மட்டும் போதாது, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மாந்தரை உண்மையாகக் காட்டலும் வேண்டுமென்ற கருத்தை முன்வைத்தார். நாவலைப் பற்றிக் கூறப்பட்ட இது இங்கும் பொருந்தும். மேற்றோற் சேகரங்களை நோக்குவோர் உடனே உணரக்கூடியது, அவை பெரும்பாலும் புகழ்பெற்ற வீரவிமானிகளின் விமானங்கள் என்பதே. பல எதிரி விமானங்களை வீழ்த்தியவரின் இலச்சினைகள் மீண்டும் மீண்டும் வரையப்படுகின்றன. பெயரற்ற ஒருவன் மூன்றாவது பறப்பிலேயே மாண்டுபோன விமானம் வரையப்படுவதில்லை. ஆயினும் போரில் வகைமாதிரியானது பின்னையதே. ஒவ்வொரு நிறமும் சரி, ஒவ்வோர் இலக்கமும் சரி; தொகுத்து நோக்கின் வரலாறு பிழை.

வீரவழிபாடு விவரத்தையும் விட்டுவைப்பதில்லை. 1943 ஓகஸ்ற் 1இல் மறைந்த சோவியத் பெண் விமானி லீதியா லித்வியாக்கின் யாக்-1 விமானத்தில் வெண்லில்லி மலரொன்று தீட்டப்பட்டிருந்ததாகப் பிற்கால எழுத்துக்கள் கூறும். அவரைத் தோழர்கள் 'லீலியா' என அழைத்தமை இக்கதைக்கு உரமூட்டியிருக்கலாம். போர்க்கால நிழற்படம் எதுவும் அம்மலரை உறுதிசெய்யவில்லை. எனினும் மலரின்றி அவர் விமானத்தை வரைபவர் அரிது. போரிட்ட ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணைக் காட்டிலும், பூச்சூடிய வீராங்கனையே சந்தைக்கு உகந்தவள் போலும்.

விமானத்தின் தோலில் எழுத்துக்களும் உண்டு. 1942 டிசம்பரில் சராதொவ் மாகாணத்துக் கூட்டுப்பண்ணை விவசாயியும் தேனீ வளர்ப்பாளருமான ஃபெரப்போன்ற் கொலவாத்தி, தேன் விற்றுத் திரட்டிய 100,000 ரூபிளைக் கொடுத்து ஒரு யாக்-1 விமானம் வாங்கினார். அது ஸ்டாலின்கிராட் முனையில் போரிட்ட மேஜர் போரிஸ் எரேமினிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுத்தவர் இன்ன கூட்டுப்பண்ணையைச் சேர்ந்த தோழர் இன்னார், பெறுபவர் இன்னார் என்ற வாசகம் உடற்பகுதியில் நீளமாக எழுதப்பட்டது. 1944இல் அவர் இரண்டாவது விமானத்தையும் வழங்கினார். முதலாவது சராதொவ் நகர நூதனசாலையில் இன்றுமுள்ளது. இதில் அரசின் பிரசாரத் தேவை இருந்ததை நாம் மறுக்கவில்லை. அவ்விமானத்தை உற்பத்திசெய்த சராதொவ் ஆலைத் தொழிலாளரின் பெயரொன்றும் அதில் இல்லை என்பதும் உண்மையே. எனினும் போர்விமானமொன்றின் தோலில் விமானிக்குச் சமமாக ஒரு விவசாயியின் பெயர் நிற்பது, அதனை வரையும் எவரையும் கேள்வி கேட்கத் தூண்டுகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க ஒன்று எமது நாட்டோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப்போரின்போது இலங்கையிலிருந்து வழங்கப்பட்ட நிதியை முன்னிட்டுப் பிரித்தானிய வான்படையின் 102ஆம் குண்டுவீச்சுப் படையணியின் பெயரோடு 'இலங்கை' என்ற சொல் இணைக்கப்பட்டது. 234ஆம், 264ஆம் படையணிகள் அவ்வாறே சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கின. முதலாம் உலகப்போரிலேயே இலங்கையின் பறவைகள் சிலவற்றின் பெயரெழுதிய அன்பளிப்பு விமானங்கள் பறந்தன. இந்நிதியை யார் கொடுத்தனர்? கையொப்பமிட்டவர்கள் துரைமாரும் வர்த்தகரும் அரசாங்கமுமாயிருக்கலாம். அவர்தம் செல்வத்தினதும் குடியேற்ற நாட்டு வருவாயினதும் முதுகெலும்பு தேயிலையும் இறப்பரும். அவற்றை உற்பத்திசெய்தவர் மலையகத் தோட்டத் தொழிலாளர். கொலவாத்தியின் பெயர் எழுதப்பட்டது. இங்கே ஒரு தீவின் பெயர் எழுதப்பட்டு, அதன் நிழலில் எல்லோரும் மறைக்கப்பட்டனர். போர் முடிந்து மூன்றாண்டுகளில், 1948இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

இனி, நீக்கப்பட்ட சின்னம் பற்றிச் சிறிது. இல்-2 விளையாட்டு வெளிவந்தபோது ஜேர்மன் விமானங்களின் வாலில் சுவஸ்திகம் இருக்கவில்லை. அச்சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவதை ஜேர்மன் குற்றவியற் சட்டம் தடைசெய்கின்றது. விளையாட்டுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அனுமதிக்கும் நடைமுறை 2018இலேயே வந்தது. ஆர்வலர்கள் தம் மேற்றோல்களில் அதனைத் தாமே வரைந்து நிரப்பினர், 'வரலாற்றுச் சரிநுட்பம்' என்ற பெயரில். எமது கருத்து இதுதான்: பாசிச விமானத்திலிருந்து பாசிசச் சின்னத்தை நீக்குதல் அதனை வெறும் இயந்திரமாக்கிக் கழுவிவிடுகின்றது, ஆகவே அது இருக்கவேண்டும். ஆனால் அச்சின்னத்திற்காக வாதாடியோரிற் பலர் அடிமைத் தொழிலாளரைக்கொண்டு அவ்விமானங்கள் உற்பத்திசெய்யப்பட்டமை பற்றி ஒரு சொல்லும் கூறாதது ஐயத்தை எழுப்புகின்றது. பின்லாந்து விமானங்களின் நீலச் சுவஸ்திகமோ 1918இல், நாற்சிகள் தோன்றுமுன்னரே வந்தது. இரண்டையும் ஒன்றாக நீக்குவதும் அறியாமையே.

மேற்றோல் வரைவோர் ஊதியம் பெறுவது அரிது. ஒரு விமானத்துக்கு மாதக்கணக்கில் உழைத்து, இலவசமாகப் பகிர்கின்றனர். அவ்வுழைப்பால் விளையாட்டின் ஆயுள் நீளுகிறது, விற்பனையின் பயன் நிறுவனத்தைச் சேர்கின்றது. எனினும் சந்தை கேளாத எதையும் வரையும் சுதந்திரம் அவர்களுக்குண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே.

முற்கூறிய மாணவர் இப்போது வேறொரு விளையாட்டுக்காக 102ஆம் படையணியின் ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானமொன்றை வரைந்துகொண்டிருக்கின்றார். மேலே கரும்பச்சையும் மண்ணிறமும், கீழே இரவுக் கறுப்பு, பக்கத்தில் டி. வை. என்ற படையணி எழுத்துக்கள். மேற்றோலோடு ஒரு சிறு எழுத்துக்கோப்பை இணைப்பது இத்துறையின் வழமை. விமானத்தின் இலக்கம், விமானியின் பெயர், நிறங்களின் ஆதாரம் ஆகியன அதில் இடம்பெறும். தோட்டங்களைப் பற்றிய ஒரு பந்தியையும் அதிற் சேர்த்திருக்கின்றார். இன்னும் முடிவாகாதது அந்தக் கறுப்பு. தொடக்கத்தில் ஒளியைச் சிறிதும் தெறிக்காத கரடான பூச்சொன்று பயன்பட்டது. அது விமானத்தின் வேகத்தைக் குறைத்தமையால் பின்னர் வழுவழுப்பான கறுப்பு வந்தது. தெரிந்தெடுத்த விமானம் எந்தக் காலத்தது என்பதைக் காட்டும் நிழற்படமொன்றை அவர் தேடிக்கொண்டிருக்கின்றார்.